வைரஸ் வீட்டிலிருந்து எடுத்துவந்த சாமான்கள்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவு: வைரஸ் உயிருள்ளதா இல்லையா, பிசிஆர் டெஸ்டில் உள்ளே என்னதான் நடக்கிறது, கிரிஸ்பர், ஜீன் தெரபி என்று பேப்பரில் வருவதெல்லாம் என்ன. அப்புறம் கடைசியாக, அம்மாவுக்கு கொரோனா ஊசி இரண்டாவது டோஸ் போட்ட மூன்றாவது வாரம் இடுப்பைச் சுற்றி அக்கி வந்ததே, ஊசியால் டிஎன்ஏ மாறியதால்தான் அப்படி என்று அத்தை சொல்கிறாரே, அது நிஜமா?

நிஜமில்லை. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கிளம்பலாம்தான், ஆனால் அத்தை விடமாட்டார், ஏன் இல்லை என்று கேட்பார். அதைச் சொல்ல மற்ற மூன்று கேள்விகளும் வேண்டியிருக்கிறது. ஆய்வகத்தில் பிப்பெட் (துளித்துளியாகத் திரவம் உறிஞ்சி விடும் குழாய்) பிடித்தே பல வருஷம் ஓட்டியவன் நான், அதனால் கொஞ்சம் நீளும்.

முதலில் செல். ஒரு கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளறையில், பூட்டிய பீரோவில் ஒரு தடித்த நோட்டு இருக்கிறது. எல்லாச் சமையல் குறிப்பும் அதில்தான், ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்தில். அது டிஎன்ஏ. அந்த நோட்டை யாரும் அடுப்படிக்கு எடுத்துவருவதில்லை, வேண்டிய குறிப்பை மட்டும் ஒரு சீட்டில் நகலெடுத்து அனுப்புவார்கள். அந்தச் சீட்டு எம்ஆர்என்ஏ, அதாவது ஆர்என்ஏ என்ற பொருளில் எழுதியது. அடுப்படியில் நிற்கும் சமையல்காரர் ரைபோசோம். சீட்டைப் பார்த்துப் புரதம் செய்து இறக்குவார். வேலை முடிந்ததும் சீட்டு குப்பைக்குப் போய்விடும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: சீட்டை எழுதியது யார் என்று அந்தச் சமையல்காரர் ஒருநாளும் கேட்கமாட்டார். எழுத்து புரிந்தால் போதும், செய்துவிடுவார். வைரஸ் பிழைப்பது இந்த ஏமாளித்தனத்தால்தான். நாம் பாக்டீரியாவை வைத்து இன்சுலின் செய்துகொள்வதும் இதே ஏமாளித்தனத்தால்தான்.

வைரஸ் என்பது அப்படி வெளியிலிருந்து வரும் ஒரு சீட்டு, சுற்றி ஒரு புரத உறை. சிலவற்றுக்கு அதன்மேல் ஒரு கொழுப்புப் போர்வையும் உண்டு (சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னது இந்தப் போர்வையைக் கரைக்கத்தான்). சொந்த அடுப்பு கிடையாது, ரைபோசோம் கிடையாது, சாப்பிடாது, வளராது. சீட்டில் எழுதியிருப்பதன் சாரம் "என்னைப்போல் ஆயிரம் பேரைச் செய்" என்பதுதான். சின்னம்மை வைரஸ் இதை டிஎன்ஏவில் எழுதி வைத்திருக்கிறது. ஃப்ளூ, டெங்கு, போலியோ, கொரோனா எல்லாம் ஆர்என்ஏவில். கொரோனாவின் சீட்டு கிட்டத்தட்ட 30,000 எழுத்து, நம்முடைய நோட்டு சுமார் 300 கோடி எழுத்து. அளவைச் சொன்னால், பத்தாயிரம் கொரோனா வைரஸை வரிசையாக நிறுத்தினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரும்.

இவ்வளவு சின்னதை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு வடிகட்டி. புகையிலை இலையில் தேமல் விழும் நோய் ஒன்று உண்டு. 1892இல் ரஷ்யாவின் இவானோவ்ஸ்கி, நோயுற்ற இலையின் சாற்றைப் பாக்டீரியாகூடத் தாண்ட முடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்துப் பார்த்தார். வடித்த சாறும் நோயைப் பரப்பியது. வடிகட்டியில் ஓட்டை இருக்கும், இல்லை ஏதோ நச்சு என்று அவருக்குச் சந்தேகம். இது பாக்டீரியா இல்லை, வேறு ஜாதி என்று தைரியமாகச் சொன்னவர் 1898இல் நெதர்லாந்தின் பெயரிங்க். அப்புறம் 1935இல் ஸ்டான்லி என்ற அமெரிக்கர் அதே புகையிலை வைரஸை உப்பு மாதிரி படிகமாக்கிக் குப்பியில் எடுத்து வைத்துவிட்டார். குப்பியில் இருக்கும்வரை சும்மா கிடக்கும், கரைத்து இலையில் தேய்த்தால் மறுபடி நோய். படிகமாகிற ஒன்றை உயிர் என்று சொல்வதா, செடிக்குள் போனதும் லட்சக்கணக்கில் பெருகுகிற ஒன்றை உயிரில்லை என்று சொல்வதா? என்னைக் கேட்டால் செல்லுக்கு வெளியே அது ஒரு பண்டம், உள்ளே போய்விட்டால் அது ஒரு பிழைப்பு. இந்த விவாதத்தில் இதற்குமேல் நேரம் செலவழிக்க எனக்கு ஆர்வமில்லை, ஆராய்ச்சி செய்கிறவர்களில் பலருக்கும் இல்லை.

சொந்த அடுப்பு இல்லை என்பதில் நடைமுறைக்கு ஒரு விஷயம் இருக்கிறது. ஆன்டிபயாடிக் மாத்திரைகள் பாக்டீரியாவின் அடுப்பை, சுவரை உடைப்பவை. வைரஸிடம் அந்த அடுப்பும் இல்லை, சுவரும் இல்லை, பிறகு எதை உடைப்பது? ஜலதோஷத்துக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாகவே அஸித்ரோமைசின் வாங்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். சரி, அது வேறு புலம்பல்.

இனி தொழில்நுட்பத்துக்கு வருவோம். நான் சொல்லவந்ததே இங்கேதான் இருக்கிறது. மரபணுத் தொழில்நுட்பம் என்று நாம் பெருமையாகக் காட்டுகிற சாமான்களில் பல, வைரஸுக்கும் பாக்டீரியாவுக்கும் கோடானுகோடி வருஷமாக நடக்கும் சண்டையில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தவை. களத்தில் கிடந்த கத்தியையும் பசையையும் எடுத்துவந்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

பாக்டீரியாவுக்கும் வைரஸ் வருமா என்றால் வரும், அதன் பெயர் ஃபேஜ். 1896இல் ஆக்ராவில் வேலை பார்த்த ஹேன்கின் என்ற வெள்ளைக்காரர் கங்கை, யமுனைத் தண்ணீரில் காலராக் கிருமி சீக்கிரம் செத்துப்போவதையும், அதே தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அந்த சக்தி போய்விடுவதையும் எழுதி வைத்தார். காரணம் அவருக்குத் தெரியாது. 1917இல் டி ஹெரெல் பாக்டீரியாவைத் தின்னும் வைரஸுக்குப் பெயர் வைத்த பிறகுதான், ஹேன்கின் பார்த்தது ஃபேஜின் வேலையாக இருக்கும் என்று பேச ஆரம்பித்தார்கள். (இதை வைத்துக் கங்கைத் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்று வாட்ஸப்பில் வந்தால் நம்பாதீர்கள்.)

டிஎன்ஏதான் பரம்பரைக் குறிப்பு என்பதை அடித்துச் சொன்னதும் ஃபேஜ்தான். அதுவும் எப்படி? ஒரு சமையலறை மிக்ஸியை வைத்து. 1952இல் ஹெர்ஷே, மார்த்தா சேஸ் இருவரும் ஃபேஜின் புரத உறைக்குக் கதிரியக்கக் கந்தகத்தாலும், உள்ளே இருக்கும் டிஎன்ஏவுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸாலும் தனித்தனியாக அடையாளம் போட்டார்கள். பாக்டீரியாமேல் ஃபேஜை ஒட்டவிட்டு, சற்றுநேரம் கழித்து மிக்ஸியில் ஒரு சுற்று விட்டார்கள், வெளியே ஒட்டியிருந்ததெல்லாம் உதிர்ந்தது. பார்த்தால் கந்தகத்தில் பெரும்பகுதி வெளியே, பாஸ்பரஸில் பெரும்பகுதி பாக்டீரியாவுக்குள். உள்ளே போனது சீட்டு, வெளியே நின்றது கவர். நான் படித்த சோதனைகளில் இவ்வளவு எளிமையாக, இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொன்னது இன்னொன்று இல்லை.

இப்படி ஃபேஜ் வந்து சீட்டைச் சொருகிக்கொண்டே இருந்தால் பாக்டீரியா சும்மா இருக்குமா? அது ஒரு கத்தி வைத்திருக்கிறது, வேற்று டிஎன்ஏ வந்தால் வெட்டிப்போட. ரெஸ்ட்ரிக்ஷன் என்ஸைம் என்பது இதுதான் (என்ஸைம் என்றால் செல்லில் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் புரதம்). எங்கே வெட்டுகிறது என்பதுதான் அழகு. நம் 'விகடகவி' தெரியுமல்லவா, எந்தப் பக்கம் படித்தாலும் ஒன்றே. டிஎன்ஏவிலும் அப்படி இடங்கள் உண்டு. ஈகோ ஆர் ஒன் என்ற கத்தி தேடுவது ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற ஆறு எழுத்தை. ஏக்கு எதிரே டி, ஜிக்கு எதிரே சி என்பது டிஎன்ஏவின் விதி, எதிர் இழை எதிர்த் திசையில் ஓடும். அந்த எதிர் இழையை அதன் திசையில் படித்தாலும் ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்றே வரும். மாலைமாற்று எழுதுகிற புலவர் யாரோ உட்கார்ந்து யோசித்த மாதிரி. இரண்டு இழையிலும் ஜிக்கும் ஏக்கும் நடுவில் வெட்டு விழுவதால் வெட்டுமுனை நேர்க்கோடாக இருக்காது, நான்கு எழுத்து வால் நீட்டிக்கொண்டு நிற்கும். இதே கத்தியால் வெட்டிய வேறெந்த டிஎன்ஏவும், அது தவளையுடையதாக இருந்தாலும் மனிதனுடையதாக இருந்தாலும், அந்த வாலோடு போய் ஒட்டிக்கொள்ளும். தன் டிஎன்ஏவைத் தானே வெட்டிக்கொள்ளாமல் இருக்க, பாக்டீரியா தன் எழுத்துகளின்மேல் மெத்தில் என்ற சின்னப் பொட்டு வைத்துக்கொள்கிறது. இந்தக் கத்திகளுக்காக ஆர்பர், நேதன்ஸ், ஸ்மித் மூவருக்கும் 1978இல் நோபல் கிடைத்தது.

வெட்டினால் ஒட்ட வேண்டுமே. உலகத்தில் ஏராளமான ஆய்வகங்களில் ஒட்டுவதற்குப் பயன்படும் பசை, டி4 என்ற ஃபேஜிடமிருந்து வந்த லைகேஸ். கத்தி பாக்டீரியாவுடையது, பசை வைரஸுடையது. 1973இல் கோஹன், பாயர் இருவரும் வெட்டி ஒட்டிய டிஎன்ஏவைப் பாக்டீரியாவுக்குள் விட்டுப் பெருக வைத்தார்கள். 1978இல் மனித இன்சுலின் குறிப்பை ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் சொருகியாயிற்று, 1982இல் அது மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவரை பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்துதான் இன்சுலின் எடுத்தார்கள். இன்றைக்கு உங்கள் தெருவில் சர்க்கரைக்காரர்கள் ஃபிரிட்ஜில் வைத்திருக்கும் மனித இன்சுலின் பாட்டில், யார் எழுதிய சீட்டு என்று கேட்காத அந்த ஏமாளிச் சமையல்காரர் கைவண்ணம்.

பிசிஆர், அதாவது டிஎன்ஏவின் ஒரு துண்டை மட்டும் கோடிக்கணக்கில் நகலெடுப்பது. இதை நான் கொஞ்சம் பக்கத்தில் போய்க் காட்டுகிறேன், இதில்தான் என் இளமை போயிற்று. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு பிளாஸ்டிக் ட்யூப். அதில் 25 மைக்ரோலிட்டர் திரவம், அதாவது ஒரு சொட்டில் பாதி. மாதிரியிலிருந்து எடுத்த டிஎன்ஏ, நான்கு எழுத்துகளும் பொடிப்பொடியாக, தேட வேண்டிய இடத்தின் இரு எல்லையையும் அடையாளம் காட்டும் இரண்டு பிரைமர் துண்டுகள், நகலெடுக்கும் என்ஸைம். மெஷின் செய்வதெல்லாம் சூடாக்கி ஆற்றுவதுதான்: 95 டிகிரியில் இரண்டு இழையும் பிரியும், 55 வாக்கில் பிரைமர் போய் உட்காரும், 72இல் என்ஸைம் நகலெடுக்கும். ஒரு சுற்றுக்கு ஒன்று இரண்டாகும். முப்பது சுற்றில் ஒன்று 107 கோடியாகும். சதுரங்கக் கட்டத்தில் நெல்மணியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போன கதைதான். கேரி மல்லிஸுக்கு 1983இல் தோன்றிய யோசனை, 1993இல் நோபல். 95 டிகிரியில் சாதாரண என்ஸைம் முட்டை மாதிரி வெந்துவிடும். அதனால் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் என்ஸைமைக் கொண்டுவந்தார்கள். இது மட்டும் வைரஸ் சண்டையில் எடுத்த சாமான் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

நான் எம்.எஸ்சி. முடித்த புதிதில் வாழை முடிக்கொத்து நோய்க்கு இலை மாதிரிகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். சிறுமலை, கீழ்ப்பழனி மலை வாழையைச் சூறையாடிய வைரஸ் அது, அசுவினிப் பூச்சியும் நோயுற்ற கன்றும்தான் அதன் வாகனம், இலைகள் உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும், குலை வராது. ஒவ்வொரு தடவையும் ஒரு ட்யூபில் இலைச்சாறே இல்லாமல் வெறும் தண்ணீர் வைக்க வேண்டும், அதில் எதுவும் வரக்கூடாது. ஒருநாள் ஜெல்லை (நகலான டிஎன்ஏ இருந்தால் பட்டையாக ஒளிரும் பலகை) விளக்கின்மேல் வைத்துப் பார்த்தால் தண்ணீர் ட்யூபுக்கு நேராகவும் பளிச்சென்று ஒரு பட்டை. தண்ணீருக்கு முடிக்கொத்து நோய்! மூன்று வாரம் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன், தண்ணீரை, பிரைமரை, என்ஸைமை. கடைசியில் முடிந்த ட்யூப்களிலிருந்து எடுக்கிற அதே பிப்பெட்டால் புதியவற்றையும் கலந்துகொண்டிருந்தேன் என்று தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளித் தூவானம் போதும், இரட்டிப்பாகி இரட்டிப்பாகிப் பூதமாகிவிடும். பிசிஆரின் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான். கோவிட் லேபில் மாதிரி எடுக்கும் அறை வேறு, கலவை போடும் அறை வேறு என்று வைத்திருந்தது இதற்காகத்தான்.

கொரோனாவுக்கு வந்தால் இன்னொரு சிக்கல். பிசிஆருக்கு டிஎன்ஏதான் தெரியும், கொரோனாவோ ஆர்என்ஏ. எனவே முதலில் ஆர்என்ஏவை டிஎன்ஏவாகத் திருப்பி எழுத வேண்டும், ஆர்டி-பிசிஆர் என்பதில் ஆர்டி அதைத்தான் குறிக்கிறது. திருப்பி எழுதும் என்ஸைம் யாருடையது? வைரஸுடையது. 1970இல் டெமினும் பால்டிமோரும் கட்டி உண்டாக்கும் வைரஸ்களில் தனித்தனியே கண்டுபிடித்தது. அதுவரை நோட்டிலிருந்து சீட்டுக்குத்தான் எழுதலாம் என்று நினைத்திருந்தார்கள். இந்த ரெட்ரோவைரஸ்கள் சீட்டைப் பார்த்து நோட்டில் எழுதும் களவாணிகள். பல டெஸ்ட் கிட்டுகளில் இருக்கும் என்ஸைம் எலியின் ரத்தப்புற்று வைரஸிலிருந்து வந்தது. ஒரு வைரஸைப் பிடிக்க இன்னொரு வைரஸின் கைக்கருவி.

சிடி வேல்யூ பற்றி ஒரு வார்த்தை. டெஸ்ட் ரிப்போர்ட்டில் வரும் அந்த எண், நகல் பெருகப் பெருகக் கூடும் வெளிச்சம் எத்தனையாவது சுற்றில் மெஷினுக்குத் தெரிந்தது என்பதுதான். சீக்கிரம் தெரிந்தால் வைரஸ் அதிகம், எனவே எண் குறைந்தால் சுமை கூடுதல். 18க்கும் 33க்கும் 15 சுற்று வித்தியாசம் என்றால் கணக்குப்படி சுமார் 32,000 மடங்கு. ஆனால் மூக்கில் குச்சியை ஒழுங்காக விட்டார்களா இல்லையா என்பதைப் பொறுத்தே எண் ஏறி இறங்கும். சிடி 25, எனவே நுரையீரல் இத்தனை சதவீதம் போச்சு என்று சொந்தக்காரர்கள் ஜோசியம் சொன்னதெல்லாம் வெறும் பேச்சு.

ரெட்ரோவைரஸில் நமக்கு நன்றாகத் தெரிந்தது எச்ஐவி. இந்தியாவில் அது இருக்கிறது என்று முதலில் தெரிந்தது சென்னையில், 1986இல். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் மைக்ரோபயாலஜி படித்துக்கொண்டிருந்த நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னதன்பேரில் ரத்த மாதிரிகள் சேகரித்தார். வைக்க வேறு இடமில்லாமல் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். ரத்தத்தில் எச்ஐவியின் தடயம் இருந்தால் நிறம் மாறிக் காட்டும் எலைசா சோதனைக்குச் சென்னையில் வசதி இல்லை என்று வேலூர் சிஎம்சிக்கு எடுத்துப்போனார்கள், ஆறு மாதிரிகள் நிறம் மாறின. வேலூரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

எச்ஐவி இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் அதனிடம் இரண்டாவதாக ஒரு கருவி இருப்பது. திருப்பி எழுதிய டிஎன்ஏவை நம் நோட்டுக்குள் தைத்துவிடும் இன்டெக்ரேஸ். மாத்திரை வைரஸை அடக்கும், தைத்த பக்கத்தைக் கிழிக்காது. இப்போது அதையே திருப்பிப் போட்டு யோசித்தவர்களைப் பாருங்கள்: நோய் உண்டாக்கும் குறிப்புகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நமக்கு வேண்டிய ஜீனை, அதாவது ஒரு புரதத்துக்கான குறிப்பை, வைத்தால்? அந்த வாகனம்தான் லென்டிவைரல் வெக்டர். ரத்தம் உறைய வேண்டிய ஃபேக்டர் எட்டு என்ற புரதம் பிறவியிலேயே இல்லாமல், அடிபட்டால் ரத்தம் நிற்காத ஹீமோஃபீலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு, அவர்களுடைய ரத்த மூலச்செல்லை எடுத்து, அதில் இந்த வாகனத்தால் ஃபேக்டர் எட்டு ஜீனை ஏற்றி, திரும்ப உடம்பில் விட்டிருக்கிறார்கள். செய்தது வேலூர் சிஎம்சி. முடிவுகள் 2024 டிசம்பரில் வெளிவந்தன; சிகிச்சைக்குப் பிறகு கண்காணித்த காலத்தில் அவர்களுக்கு ரத்தக்கசிவு இல்லை. ஒருகாலத்தில் எந்த ஊரில் அந்த வைரஸைக் கண்டு பயந்தோமோ, அதே ஊரில் அதன் எலும்புக்கூட்டை மருந்து வண்டியாக ஓட்டுகிறார்கள்.

இதெல்லாம் சுலபமாக வந்துவிடவில்லை. எலி ரெட்ரோவைரஸை வாகனமாக வைத்து, பிறவியிலேயே நோய் எதிர்ப்பு இல்லாத குழந்தைகளுக்கு பிரான்சில் சிகிச்சை செய்தார்கள். குழந்தைகள் தேறினார்கள், ஆனால் 2002 முதல் அவர்களில் சிலருக்கு ரத்தப்புற்று வந்தது, ஜீன் போய்த் தைத்த இடம் தப்பான இடம். அதற்கப்புறம்தான் வாகனத்தை மாற்றி மாற்றிச் செதுக்கினார்கள். டிஎன்ஏ மாறுமா என்று அத்தை கேட்பது முட்டாள்தனமான கேள்வி இல்லை, இந்தச் சிகிச்சைகளுக்கு அதுதான் முதல் கேள்வி.

கிரிஸ்பர் இதே சண்டையின் அடுத்த அத்தியாயம். 1987இல் ஒசாகாவில் ஈ.கோலியின் டிஎன்ஏவில் ஒரே வாசகம் விட்டு விட்டுத் திரும்ப வருவதைப் பார்த்தார்கள், ஏன் என்று தெரியவில்லை. ஸ்பெயினின் மோஹிகா 2005இல் அந்த இடைவெளிகளில் இருப்பவை ஃபேஜ்களின் டிஎன்ஏ துண்டுகள் என்று காட்டினார். அதாவது, முன்பு தாக்கிய வைரஸின் போட்டோவை எடுத்து, போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டுவதுபோலப் பாக்டீரியா தன் டிஎன்ஏவில் ஒட்டி வைத்திருக்கிறது. 2007இல் இதை நிரூபித்தது யோகர்ட் செய்யப் பயன்படும் பாக்டீரியாவை வைத்து. பால்பொருள் தொழிற்சாலைகளில் ஃபேஜ் புகுந்தால் மொத்தப் பாலும் உறையாமல் வீணாகும், அவர்களுக்கு இது வயிற்றுப்பிரச்சினை. 2012இல் ஷார்பென்டியே, டவுட்னா இருவரும் அந்தப் போட்டோவுக்குப் பதில் நாம் விரும்பும் இருபது எழுத்தைக் கொடுத்தால், காஸ்9 என்ற கத்தி அங்கே போய் வெட்டும் என்று காட்டினார்கள். 2020இல் நோபல். பழைய கத்தி ஆறு எழுத்து பார்த்த இடத்திலெல்லாம் வெட்டும், இது முகவரி கேட்டுப் போய் வெட்டும்.

2023 நவம்பரில் பிரிட்டனில் அனுமதி பெற்ற காஸ்ஜெவிதான் இதில் முதல் மருந்து, அரிவாள் செல் ரத்தசோகைக்கு. நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த நோயின் கூறு இருப்பதை 1952இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் இந்தச் சிகிச்சையின் விலை 22 லட்சம் டாலர். மேடையில் கிரிஸ்பர் பற்றிப் பேசுகிறவர்கள் கூடலூர் பக்கம் ஒருதடவை போய் இந்த விலையைச் சொல்லிப் பார்க்கட்டும். பயிர்ப் பக்கம், 2025 மே மாதம் மத்திய அரசு இரண்டு ஜீன் திருத்திய நெல் ரகங்களை அறிவித்தது. 2002இல் வந்த பிடி பருத்தியில் வேறோர் உயிரின் ஜீன் இருக்கிறது. இந்த நெல்லில் வெளி ஜீன் ஏதுமில்லை, உள்ளதையே திருத்தியிருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், எதிர்ப்பதானாலும் தனித்தனியாக எதிர்க்கலாம்.

சரி, ஊசி. அம்மா போட்டது எது என்று எழுதவில்லை. கோவாக்சின் என்றால் அது கொன்ற வைரஸ், அதில் விவாதமே இல்லை. எம்ஆர்என்ஏ ஊசி என்றால் வெறும் சீட்டு. அந்தச் சீட்டைத் தொழிற்சாலையில் எழுதுவதே டி7 என்ற ஃபேஜின் என்ஸைம்தான். வெளிச் சீட்டு வந்தால் செல்லின் வாசலில் நிற்கும் காவலாளி ரகளை செய்வார்; எழுத்தில் ஒன்றைச் சற்றே மாற்றினால் அவர் பேசாமல் விடுகிறார் என்று கரிகோவும் வைஸ்மனும் 2005இல் கண்டதுதான் 2023இன் நோபல். சீட்டு சில நாளில் மக்கிப்போகும். நோட்டில் ஏற வேண்டுமானால் திருப்பி எழுதும் என்ஸைமும் தைக்கும் என்ஸைமும் வேண்டும், ஊசியில் இரண்டும் கிடையாது. நம் செல்லிலேயே பழைய திருப்பி எழுதும் என்ஸைம் கொஞ்சம் உண்டு என்பது உண்மைதான். தட்டில் வளர்த்த கல்லீரல் புற்றுச் செல்லில் ஊசியின் சீட்டு டிஎன்ஏவாக நகலானதாக 2022இல் ஸ்வீடனிலிருந்து ஒரு கட்டுரை வந்தது, அத்தைக்கு வாட்ஸப்பில் ஏதாவது வந்திருந்தால் அதற்கு அதுதான் மூலமாக இருக்கும். அது நோட்டுக்குள் தைத்துக்கொண்டது என்று அவர்களே காட்டவில்லை.

கோவிஷீல்டு என்றால் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும், அதில் இருப்பது டிஎன்ஏதான், அது நியூக்ளியஸ் என்ற அந்த உள்ளறைக்குள் போகவும் செய்கிறது. சிம்பன்ஸியின் ஜலதோஷ வைரஸ் ஒன்றில், பெருகும் குறிப்பை நீக்கிவிட்டுக் கொரோனாவின் முள் புரதக் குறிப்பை வைத்திருக்கிறார்கள். பீரோவுக்குப் பக்கத்தில் தனித்தாளாகக் கிடக்கும். தைக்கும் என்ஸைம் அதனிடம் இல்லை, பெருகவும் முடியாது, அந்தச் செல் அழியும்போது தாளும் போய்விடும். மிக அரிதாகச் சிலருக்கு ரத்தம் உறைந்தது நிஜம், மறைக்க வேண்டியதில்லை, ஆனால் அது எதிர்ப்புச் சக்தி தடம் மாறிய விவகாரம்.

அப்படியானால் அக்கி எங்கிருந்து வந்தது? அம்மாவுக்குச் சின்ன வயதில் சின்னம்மை போட்டிருக்கும், கேட்டுப் பாருங்கள்; அக்கியும் அதே வைரஸ்தான். வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் அந்த வைரஸ் போகவில்லை; முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் படுத்துக்கொண்டது. வயது, மனஉளைச்சல், வேறு நோய் என்று ஏதாவது எதிர்ப்பைத் தளர்த்தும்போது ஒரே ஒரு நரம்பின் வழியாக இறங்கி வரும், அதனால்தான் உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளம். ஊசிக்குப் பிறகு அக்கி கூடியதா என்று பல நாடுகளில் பார்த்தார்கள், முடிவுகள் ஒன்றுபோல இல்லை. கூடியிருந்தாலும் அது தூங்கிய வைரஸ் விழித்ததுதான், நோட்டு மாறியதல்ல.

ஊரில் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் எழுதிக்கொள்வார்கள், என் பாட்டிக்கும் எழுதினார்கள். உடைந்த கொப்புளத்தில் மண் படுவது நல்லதில்லை, அதைவிட முக்கியம் நாள் வீணாவது. அசைக்ளோவிர் மாத்திரையைக் கொப்புளம் கிளம்பிய மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அன்றே கண் டாக்டர். 50 வயது தாண்டியவர்களுக்குத் தடுப்பூசியும் இந்தியாவில் கிடைக்கிறது, விலைதான் கடிக்கும். மாத்திரை வேலை செய்கிற விதத்தையும் அத்தையிடம் சொல்லுங்கள். முழுங்கும்போது அது செயலற்ற பொருள். வைரஸ் தன் வேலைக்காக வைத்திருக்கும் ஓர் என்ஸைம்தான் அதை உசுப்பிவிடுகிறது, உசுப்பியதும் அது டிஎன்ஏ எழுத்தைப்போல வேஷம் போட்டு வைரஸின் நகலுக்குள் நுழைந்து, அதற்குமேல் ஓர் எழுத்துகூட எழுதவிடாமல் உட்கார்ந்துகொள்கிறது. வைரஸ் விழித்திருக்கும் செல்லில்தான் இது நடக்கும், மற்ற செல்களில் மருந்து பெரும்பாலும் சும்மா கடந்துபோகும். இதற்குப் பின்னால் இருந்த கெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் நோபல் கொடுத்தார்கள்.